மின்தேக்கியும் எல்லைக்கோடும்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலையைக் கடந்து, இஞ்சிவிளையையும் தாண்டினால் களியக்காவிளை வந்துவிடும். பாறசாலை கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. களியக்காவிளை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அக்கோட்டிற்கு வடபால் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. வீட்டிலே தமிழும் பள்ளியிலே மலையாளமுமாக வளர்ந்தோம். கலைப் பட்டம் பெற்றோம். இன்று தலைநகரில் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம்.

இத்தகையோர் மின்னியலைப் பற்றிப் பேசப் புகுவானேன் என்று நேயர்கள் வியக்கலாம். காரணம் இரண்டு. ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் எங்கள் மகள் கேட்ட ஒரு கேள்வி. மற்றொன்று, பாறசாலையில் எங்கள் பாட்டாவின் திண்ணையில் இருந்த ஒரு பழைய வானொலிப் பெட்டி. பெட்டியின் கதையை முதலிற் கூறிவிடுவோம்.

திருவிதாங்கூர் அரசு 1943இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலி நிலையத்தை, 1950இல் அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் முதல் நாள் பிறந்தது. எங்கள் இளமைக் காலத்தில், மத்திய அலையில் திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்சிலும், திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்சிலும் ஒலித்தன. நிலப்படத்தில் அவற்றினிடையே மலையொன்று கிடக்கிறது; பெட்டியின் முகப்பிலோ ஒரு விரற்கடைகூட இல்லை. பாட்டா மாலைதோறும் குமிழைச் சற்றே திருகி மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருவார். செய்திக்கு ஒரு நிலையம், பாட்டிற்கு ஒரு நிலையம் என்பது அவர் வகுத்திருந்த முறை.

ஓர் ஆண்டு மழைக்காலத்தில் விந்தையொன்று நிகழ்ந்தது. முகப்பில் திருவனந்தபுரத்திற்கெனப் பாட்டா மையால் குறியிட்டிருந்த இடத்தில் திருநெல்வேலி வந்து நின்றது. பெட்டியைச் சந்தையிலிருந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றோம். அவர் அதைத் திறந்து, குமிழோடு சுழலும் சிறு பிளாஸ்டிக் பேழையைச் சுட்டிக்காட்டி, "பாட்டா, கேங்குக்குள்ள காற்று கேறிப்போச்சு" என்றார். பாட்டா உடனே, "அப்பம் எல்லையத் திரும்பவும் மாத்திப்போட்டானுவளோ?" என்று கேட்டார். கடையில் நின்றவர் அனைவரும் சிரித்தனர். நாங்களும் சிரித்தோம். ஆனால் காற்று புகுந்தால் நிலையம் ஏன் இடம்மாற வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

விளக்கியது மகளின் கேள்வியே. அவள் ஒருநாள் மாலை ஏட்டோடு வந்து, "அப்பா, ஒரே கணக்கை இரண்டு வழியிலும் செய்தேன். இரண்டு விடை வருகிறது. எது சரி?" என்றாள். கணக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட மின்காப்புப் பொருள்களைக் கொண்ட மின்தேக்கியைப் பற்றியது. அவளோடு அமர்ந்து நாங்கள் கற்றதையே இன்று கூற முற்படுகிறோம்.

மின்தேக்கி என்பது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கருவி. எதிரெதிராக நிற்கும் இரண்டு உலோகத் தகடுகளும், அவற்றினிடையே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருளும் சேர்ந்தால் அதுவே மின்தேக்கி. நம் வீட்டுக் கூரை விசிறியில் உள்ள கண்டன்சர் இதுதான். இடையே நிற்கும் பொருளைத் தமிழ்நாட்டு நூல்கள் மின்காப்பு என்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் மின்னுழையம் என்கின்றன. ஒரு சொல் காப்பது என்கிறது. மற்றொன்று நுழைவது என்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் உண்மையே. மின்னோட்டம் அப்பொருளைக் கடப்பதில்லை. மின்விசையோ அதனூடாகச் செல்கிறது. ஆங்கிலப் பெயராகிய டைஎலெக்ட்ரிக் என்பதன் முன்னொட்டிற்கும் 'ஊடாக' என்பதே பொருள். வில்லியம் வியூவெல் என்னும் அறிஞரின் துணையோடு அச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் மைக்கேல் பாரடே. அவர் 1837இல், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு உலோகக் கோளங்களின் இடைவெளியிற் பாதியை அரக்கினாற் செய்த அரைக்கோளக் கிண்ணத்தால் நிரப்பி, மறுபாதியில் காற்றையே விட்டு, தேங்கும் மின்னேற்றத்தை அளந்தார். ஆகவே இரு காப்புப் பொருள்களைக் கொண்ட மின்தேக்கி, இத்துறையின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

இனிக் கணக்கிற்கு வருவோம். தட்டையான இரு தகடுகளின் இடையே காற்று மட்டும் இருப்பின், ஒரு தகட்டின் பரப்பைச் சதுரச் சென்டிமீட்டரில் எடுத்து, இடைவெளியை மில்லிமீட்டரில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, 0.8854ஆல் பெருக்குக. கிடைப்பது பிக்கோபாரடு அளவில் மின்தேக்குத் திறன். ஒரு பாரடின் இலட்சங்கோடியில் ஒரு பங்கே பிக்கோபாரடு. பத்துச் சென்டிமீட்டர் சதுரத் தகடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றால், பரப்பு 100, இடைவெளி 1, எனவே திறன் 88.54 பிக்கோபாரடு.

காற்றை நீக்கி வேறொரு பொருளால் இடைவெளி முழுவதையும் நிரப்பினால், திறன் அப்பொருளின் மின்காப்பு மாறிலியின் மடங்காகப் பெருகும். காற்றிற்கு அம்மாறிலி ஏறத்தாழ 1, பாலித்தீனுக்கு 2.3, காக்காய்ப்பொன் எனப்படும் மைக்காவிற்கு ஏறத்தாழ 6. நம் தகடுகளின் இடையே மைக்காவை முழுவதுமாக நிரப்பினால் திறன் 531 பிக்கோபாரடு ஆகும்.

இப்போது பாதி மைக்காவும் பாதி காற்றும் இருப்பதாகக் கொள்வோம். திறன் என்ன? நேயர்கள் அவசரப்பட்டு 88க்கும் 531க்கும் நடுவெண்ணாகிய 310ஐக் கூறிவிடலாகாது. பாதி என்று சொன்னோமேயன்றி, எப்படிப் பாதி என்று சொல்லவில்லை. எல்லைக்கோடு எப்படிக் கிடக்கிறது என்பதே இங்கு வினா.

முதல் வகை: எல்லை ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டிற்குச் செல்கிறது. இடப்பாதி முழுவதும் மைக்கா, வலப்பாதி முழுவதும் காற்று. இரு பாதிகளும் அதே இரு தகடுகளைத் தொட்டு நிற்பதால், இரண்டிற்கும் ஒரே மின்னழுத்தம். ஒவ்வொன்றும் தன் திறனுக்கேற்ற மின்னேற்றத்தைத் தனியே தேக்குகிறது. ஆகவே திறன்களைக் கூட்டிவிடலாம். மைக்காப் பாதி 265.6, காற்றுப் பாதி 44.3, ஆக 309.9. இதுவே பக்க இணைப்பு.

இரண்டாம் வகை: எல்லை தகடுகளுக்கு இணையாகக் கிடக்கிறது. கீழே அரை மில்லிமீட்டர் மைக்கா ஏடு, மேலே அரை மில்லிமீட்டர் காற்று. இங்கு மின்விசை இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தாக வேண்டும். மின்னேற்றம் இரண்டிற்கும் ஒன்றே, மின்னழுத்தமே பங்கிடப்படுகிறது. இதுவே தொடர் இணைப்பு. இதற்குத் தலைகீழ் எண்களைக் கூட்டும் முறை பள்ளிகளிற் கற்பிக்கப்படுகிறது. அதனினும் எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வோர் ஏட்டையும், அதற்கு ஈடான காற்றாக மாற்றிவிடுக. அதாவது ஏட்டின் கனத்தை அதன் மாறிலியால் வகுத்துவிடுக. அரை மில்லிமீட்டர் மைக்காவை 6ஆல் வகுத்தால் 0.0833 மில்லிமீட்டர் காற்று. இதனோடு உண்மைக் காற்று 0.5 சேர, மொத்தம் 0.5833. நம் பழைய 88.54ஐ இதனால் வகுத்தால் 151.8 பிக்கோபாரடு.

ஏடுகள் மூன்றாயினும் முப்பதாயினும் இவ்வழியே போதும். எந்த ஏடு மேலே, எந்த ஏடு கீழே என்பது கணக்கை மாற்றாது. கனமும் மாறிலியுமே மாற்றும். ஒரு பாடநூற் கணக்கு, இடைவெளியின் முக்கால் பங்கு கனமுள்ள பலகையொன்றைச் செருகச் சொல்கிறது. காற்றுக் கால் பங்கு. பலகை, முக்காலை மாறிலியால் வகுத்த அளவு. கூட்டி வகுத்தால் விடை வந்துவிடும்.

நேயர்கள் சற்றே நின்று கருத வேண்டுகிறோம். மைக்காவும் அதே அளவு, காற்றும் அதே அளவு, தகடுகளும் அவையே. ஆயினும் எல்லை நிமிர்ந்து நின்றால் 310. படுத்துக் கிடந்தால் 152. எல்லை சாய்ந்து கிடந்தாலும், மைக்கா துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தாலும், விடை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்பவர்க்கு இக்கணக்கு விடை தருவதில்லை. எல்லையை எங்கே வரைந்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். எங்கள் ஊரார்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இனி மகளின் கணக்கு. இடப்பாதி முழுவதும் மைக்கா. வலப்பாதியில் கீழே அரை மில்லிமீட்டர் மைக்கா, மேலே அரை மில்லிமீட்டர் காற்று. அவள் முதலில் மின்தேக்கியை இடம் வலம் எனப் பிரித்தாள். இடப்பாதி 265.6, வலப்பாதி, 151.8இல் பாதியாகிய 75.9, கூட்டினால் 341.5. பின்னர் மேல் கீழ் எனப் பிரித்தாள். மேலடுக்கில் மைக்காவும் காற்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அதன் திறன் 619.8. கீழடுக்கு முழுவதும் மைக்கா. அதன் திறன் 1062.5. இவ்விரண்டையும் தொடராக இணைத்தால் 391.4. ஐம்பது பிக்கோபாரடு வேறுபாடு! தேர்விலே ஒன்றுக்கு மதிப்பெண் உண்டு; மற்றொன்றுக்கு இல்லை. எது சரியென்று விடை கூறிவிடலாம். ஏன் சரியென்று கூறுவதுதான் அரிது.

தகடுகளுக்கு 70 வோல்ட்டு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இடப்பாதியில் ஒரே பொருள். ஆகவே நடுவுயரத்தில் மின்னழுத்தம் சரிபாதி, 35 வோல்ட்டு. வலப்பாதியிலோ காற்றும் மைக்காவும் ஆறுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. காற்றிற்கு 60, மைக்காவிற்கு 10. ஆகவே அதே நடுவுயரத்தில் வலப்பக்கம் 10 வோல்ட்டே உள்ளது. மேல் கீழ் எனப் பிரித்துத் தொடராக இணைப்பவர், நடுவுயரம் முழுவதும் ஒரே அழுத்தத்தில் இருப்பதாகத் தம்மையறியாமலே கொண்டுவிடுகிறார். அங்கே ஓர் உலோகத் தாளைப் பரப்பி வைத்திருந்தால் அது பொருந்தும். தாள் இல்லாதபோது, 35ஐயும் 10ஐயும் ஒன்றென்று கருதுவது பிழை. ஆகவே 391 தவறு.

அவ்வாறாயின் 341.5 முற்றிலும் சரியா? அதுவும் மயிரிழை குறைவே. இடமும் வலமும் சந்திக்கும் எல்லையருகே 35 வோல்ட்டும் 10 வோல்ட்டும் அடுத்தடுத்து நிற்பதால், மின்விசைக் கோடுகள் அங்கே சற்று வளைந்து எல்லையைக் கடக்கின்றன. ஆனால் அவ்வளைவு இடைவெளியின் அளவே, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவிற்கே பரவும். நம் தகடோ 100 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆகவே 341.5ஐ ஏற்பதில் குற்றமில்லை. தகடு அகலத்திற் குறுகி, இடைவெளி பெருத்திருந்தால், இரண்டு வழியும் எல்லைகளையே தரும். உண்மை விடை இரண்டிற்கும் நடுவே நிற்கும். அதைக் காணக் கணிப்பொறி வேண்டும். இதைக் கேட்ட மகள், "அப்படியானால் இரண்டு வழியும் வீணில்லை, அப்பா" என்றாள். உண்மைதான். ஒன்று கீழெல்லை, மற்றொன்று மேலெல்லை.

இக்கணக்கிலே எச்சரிக்கையொன்றும் அடங்கியுள்ளது. ஒரு மில்லிமீட்டர் காற்று ஏறத்தாழ 3000 வோல்ட்டு வரை தாங்கும் என்று கணக்கிடுவது வழக்கம். மைக்கா அதனினும் பன்மடங்கு தாங்கும். எனவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியிற் பாதியை மைக்காவால் நிரப்பினால் வலிமை கூடும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வதோ வேறு. ஏழு பங்கு அழுத்தத்தில் ஆறு பங்கை மெலிந்த காற்றே சுமக்கிறது. அரை மில்லிமீட்டர் காற்று தாங்குவது 1500 வோல்ட்டு. ஆகவே தகடுகளின் இடையே 1750 வோல்ட்டு வந்தவுடனேயே காற்றிற் பொறி பறக்கத் தொடங்கும். மைக்கா இல்லாதிருந்தால் 3000 வரை அமைதியாக இருந்திருக்கும். மைக்கா உடனே உடைந்துவிடாது. ஆனால் அப்பொறி நாள்தோறும் அதை அரித்துக்கொண்டிருக்கும். உயரழுத்த மின்வடங்களின் உறையில் ஒரு சிறு காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் பொறியாளர் அஞ்சுவது இதனாலேதான். காகித ஏடுகளைக் கொண்ட மின்தேக்கிகளிற் காற்றை நீக்கி எண்ணெயை ஊட்டுவதும் இதனாலேதான். வலியதும் மெலியதும் ஒரே வரிசையில் நின்றால், சுமையின் பெரும்பகுதி மெலியதன் தோளிலே விழுகிறது.

இனித் திண்ணைக்குத் திரும்புவோம். பழைய பெருவானொலிகளிலே, நிலையத்தைத் தேடும் மின்தேக்கியின் தகடுகளிடையே வெறுங்காற்றே இருந்தது. கையடக்கமான டிரான்சிஸ்டர் பெட்டிகளிலோ, இடத்தைச் சுருக்குவதற்காகத் தகடுகளினிடையே மெல்லிய பிளாஸ்டிக் படலங்களை வைத்தனர். தகடுகள் சுழல வேண்டுமாதலால், படலத்தோடு ஒரு நூலிழைக் காற்றும் இருந்தே தீரும். ஆகவே அஃது இரு காப்புப் பொருள்களைக் கொண்ட தொடர் மின்தேக்கி.

எடுத்துக்காட்டிற்காக, பாலித்தீன் படலம் 0.05 மில்லிமீட்டரும் காற்று 0.01 மில்லிமீட்டரும் எனக் கொள்வோம். படலத்தைக் காற்றாக மாற்றினால் 0.0217. இதனோடு 0.01 சேர, மொத்தம் 0.0317. இடைவெளியில் ஆறில் ஒரு பங்கே உள்ள காற்று, கணக்கிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்ல எவ்வளவு மாற்றம் வேண்டும்? அலைவெண், திறனின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 1197ஐ 1161ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.063. அலைவாங்கும் முதற்சுற்றை மட்டும் கருதினால், இடைவெளியின் காற்று ஈடு நூற்றுக்கு 6.3 கூடினாற் போதும். அது 0.002 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. படலங்கள் அவ்வளவு விலகிக் காற்றிற்கு இடங்கொடுத்தால், மலையாளம் ஒலித்த குறியிலே தமிழ் ஒலிக்கும். பழுதுபார்ப்பவர் கூறியது முற்றிலும் உண்மை. அவர் பட்டம் பெற்றவரல்லர். இயற்பியலை விரலால் அறிந்தவர்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுட் பலர், பிள்ளைகளின் பாடத்திலே தமக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். தலைநகரிற் பிள்ளைகள் மின்தேக்கியை ஆங்கிலத்திலோ, சந்தாரித்ர என்று இந்தியிலோ கற்கிறார்கள். நமக்கோ அச்சொற்கள் புதியன. ஆயினும் ஏட்டில் ஒரு படம் வரைந்து, எல்லை எங்கே கிடக்கிறது, அவ்வெல்லை முழுவதும் ஒரே அழுத்தமா என்று தமிழிலே கேட்பதற்குத் தாய்தந்தையர் எவர்க்கும் தகுதியுண்டு. பாதி விடை அக்கேள்வியிலேயே இருக்கிறது. அன்றிரவு எங்கள் வீட்டில் நிகழ்ந்தது அதுவே. கணக்கு முடிந்தபின், பாட்டாவின் பெட்டியைப் பற்றி மகளுக்குச் சொன்னோம். அவள் அவரைக் கண்டதில்லை. "எல்லை மாறிப்போனதோ என்று கேட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள்.

பாட்டா வாழ்ந்த மண்ணிலே 1956இல் வரைந்த கோடு இன்றும் அங்கேயே இருக்கிறது. மின்காப்பு என்றும் மின்னுழையம் என்றும் இருவேறு பெயர் பெற்ற பொருளைப் போல, அதுவும் ஒன்றைத் தடுத்து மற்றொன்றைப் போகவிடுகிறது. ஆட்சி அக்கோட்டில் நின்றுவிடுகிறது. திருநெல்வேலியின் குரலோ மாலைதோறும் அதைக் கடந்து பாறசாலைத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தது.